மார்ட்டன்ஸ் வீட்டுத் தோட்டத்து ரயில்

இதை நான் இதுவரை மூன்று பேருக்குத்தான் சொல்லியிருக்கிறேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்யச் சொன்னார். மூன்றாமவர் எழுந்து போய்விட்டார். நீங்களும் உங்களுக்குப் பட்டதைச் செய்யலாம். ஆனால் நடந்தது இதுதான். இரும்பை அளந்து, வெட்டி, பொருத்துவது என் தொழில். அரை மில்லிமீற்றர் பிசகினாலும் என் விரலுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு ஒவ்வொரு சுற்றையும் கைக்கடிகாரத்தில் பார்த்துத்தான் ஓட்டினேன். அந்த நேரங்களை அப்படியே கீழே தருகிறேன்.

2007 நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை.

என் பெயர் நடேசன். அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. ஜெர்மனியில், ஹம்பேர்க் நகரத்துப் பட்டறை ஒன்றில் வேலை. என் மனைவி புஸ்பவதி, வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்தாள். குளிக்க வைப்பது, மருந்து கொடுப்பது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் அவள்தான். அவள் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் ஹெர் மார்ட்டன்ஸ். ஹெர் என்றால் அங்கே திரு. எண்பத்து நான்கு வயது. நகரத்திலிருந்து ஐம்பது நிமிடம் காரில் போக வேண்டிய ஒரு கிராமத்தில் தனியாக இருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சும் மெதுவாகத்தான் வரும். பதற்றப்பட்டால் அதுவும் வராது.

அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு ரயில் இருந்தது.

விளையாட்டுச் சாமான் இல்லை. ஒன்றரை மீற்றர் நீளம், தொண்ணூறு கிலோ எடை, உண்மையான நிலக்கரி, உண்மையான நீராவி. பின்னால் பெட்டிகளைப் பூட்டினால் ஆட்களை இழுக்கும். நீளமான பலகை வாங்கு போன்ற பெட்டிகள். குதிரையில் ஏறுவதுபோல் இரண்டு பக்கமும் கால் போட்டு, ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். ரயில்வே பட்டறையில் வேலை செய்த மார்ட்டன்ஸ், 1951இல் தன் கூட்டாளிகளுடன் சேர்ந்து இதைக் கட்டத் தொடங்கினாராம். அந்த நாளில் இதற்கென்று கடையில் ஒரு திருகாணி கூட விற்கவில்லை. போரில் மிஞ்சிய செம்பையும் இரும்பையும் பொறுக்கி, சக்கரத்தைக் கூடத் தோட்டத்து மணலில் அச்சு எடுத்துத் தாங்களே வார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை அவரை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோக இருந்தார்கள். மகள் வீட்டை விற்றுவிட்டாள். செவ்வாய்க்கிழமை ஏதோ ஒரு காட்சிசாலையிலிருந்து ஆட்கள் வந்து ரயிலைத் தூக்கிப் போவார்கள். அதற்கு முன் ஒரே ஒரு தடவை அதன் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று கிழவர் புஸ்பவதியிடம் அழுதிருக்கிறார்.

"பாவம் மனுசன். ஒருக்கா ஓட்டிக் காட்டுங்கோவன்" என்றாள் அவள்.

எனக்குக் கொதிகலன் புதிதல்ல. ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் ஆறு வருடம் அதோடுதான் நின்றேன். முந்தைய ஞாயிறே போய்க் கொதிகலனில் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றிச் சோதித்தேன். ஒரு சொட்டுக் கசியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

அன்று நாங்கள் போய்ச் சேர்ந்தது 2:40க்கு. காலையிலிருந்தே மூடுபனி. தோட்டத்தின் மறுபக்கம் தெரியவில்லை.

மார்ட்டன்ஸ் ஒரு காகிதத்தை இடது கையால் என்னிடம் நீட்டினார். தண்டவாளத்தின் படம். வீட்டுக்குப் பக்கத்தில் நிலையம். தோட்டத்தின் மறுகோடியில் ஒரு மண்மேடு. அதன் அடியில் பத்தொன்பது மீற்றர் சுரங்கம். பாதை முழுவதும் ஒரே வட்டம், நூற்றெண்பது மீற்றர். வட்டத்தைச் சுற்றி இடது பக்கமாக ஓர் அம்புக்குறி. அதை மூன்று தடவை அழுத்திக் கீறியிருந்தார்.

"இப்படி மட்டும்" என்றார்.

"சரி" என்றேன்.

கொட்டகை வாசலில் இயந்திரத்தைத் திருப்ப ஒரு சிறிய சுழல்மேடை இருந்தது. இரண்டு வருட மழையில் அது துருவேறி இறுகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டேன். சுத்தியலால் தட்டினேன். கம்பி போட்டு நெம்பினேன். அசையவில்லை. இயந்திரத்தைத் தனியாகத் தூக்கித் திருப்ப எனக்கு ஏலாது. அது நின்ற நிலையில் வலது பக்கமாகத்தான் வெளியே போக முடியும்.

வட்டம்தானே, எந்தப் பக்கம் சுற்றினால் என்ன என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவும் இல்லை.

அது என் பிழை.

3:10க்கு நெருப்பு மூட்டினேன். 4:02க்கு அழுத்தமானியின் முள் ஐந்தைத் தொட்டது. ஓட்டுபவனுக்கு ஒரு சிறு பெட்டி. அதற்குப் பின்னால் மூன்று பேர் உட்காரக்கூடிய பெட்டிகள் இரண்டு. அவற்றையும் பூட்டினேன். தோட்டத்தைப் பார்த்த கண்ணாடி அறையில் மார்ட்டன்ஸ் சக்கர நாற்காலியில், கம்பளியோடு. பக்கத்தில் புஸ்பவதி. சத்தம் கேட்க ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தாள்.

4:08. ஊதலை ஒரு தடவை இழுத்துவிட்டுக் கிளம்பினேன்.

முதல் சுற்று அருமையாகப் போனது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சிரிப்பு வந்தது. சுக்... சுக்... சுக்... என்று மணி போல ஒரே சீரான சத்தம். அப்பிள் மரங்களைத் தாண்டி, சுரங்கத்துக்குள் குனிந்து நுழைந்து, மறுபக்கம் வந்து, நிலையம். இரண்டு நிமிடம் பத்து விநாடி.

கண்ணாடிக்குப் பின்னால் மார்ட்டன்ஸ் இடது கையைத் தூக்கி அசைத்தார். சந்தோசத்தில் கையாட்டுகிறார் என்று நினைத்தேன். நானும் திருப்பிக் கையாட்டினேன்.

தண்ணீர் பார்த்தேன். கரி போட்டேன். 4:14க்கு இரண்டாவது சுற்று.

சுரங்கத்துக்குள் போகும்வரை எல்லாம் சரி. வெளியே வந்ததும் சத்தம் மாறியது. சுக்... சுக்... என்று ஓடிய இயந்திரம் திடீரென்று மூச்சு வாங்கியது. தொண்ணூறு கிலோ இயந்திரம் பின்னால் இருக்கும் பாரத்தை மறைக்காது. ஓர் ஆள் ஏறினாலே ஓட்டுகிறவனின் கைக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். இரண்டு பெட்டியும் வெறுமையாக இருந்தன.

இரண்டு நிமிடம் முப்பத்தைந்து விநாடி.

ஈர இலைகள் என்று எனக்கே சமாதானம் சொன்னேன். துணி எடுத்துத் தண்டவாளத்தைத் துடைத்தேன். பெட்டிகளின் சக்கரம் ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பார்த்தேன். எதுவும் இறுகவில்லை. எல்லாம் இலேசாகச் சுழன்றன. கண்ணாடி அறையில் கிழவர் இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தார். ஆனால் வேகமாக.

இன்னும் ஒரு சுற்று. அதோடு நிறுத்தலாம் என்று நினைத்தேன்.

4:22. இருட்டத் தொடங்கியிருந்தது. சுரங்கத்தின் வாய் பனிக்குள் கறுப்பாகத் தெரிந்தது.

உள்ளே நுழைந்ததும் ஒரு வாசனை. கரிப் புகை இல்லை. எண்ணெய் இல்லை. குழாயில் புகைக்கும் புகையிலை... இனிப்பாக... யாரோ இப்போதுதான் பற்றவைத்ததுபோல்.

நான் புகைப்பதில்லை.

வெளியே வந்ததும் சக்கரங்கள் வழுக்கின. ஸ்ஸ்ர்ர்ர்ர் என்று ஒரே இடத்தில் சுற்றின. அழுத்தம் ஐந்திலிருந்து நான்குக்கு விழுந்தது. நான்கிலிருந்து மூன்றரை. கரி போட்டுக்கொண்டே இருந்தேன். ரயில் ஆமைபோல் நகர்ந்தது. எனக்குப் பின்னால் மரப்பலகை கிரீச்சிட்டது. பாரம் ஏறிய பலகை மட்டும்தான் அப்படிச் சத்தம் போடும்.

இந்தத் தடவை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நிலையத்துக்கு வரும் இடம் சிறு இறக்கம். நீராவியை அடைத்தேன். பிரேக்கை இழுத்தேன்.

நிற்கவில்லை.

பின்னால் இருந்த பாரம் என்னைத் தள்ளியது. பிரேக் பிடித்தபடியே ரயில் நிலையத்தைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடி அறையைக் கடக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. டொக். டொக். டொக். மார்ட்டன்ஸ் கையால் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தார். அவர் வாய் திறந்திருந்தது. சொல் வரவில்லை.

அப்போதுதான் புரிந்தது. அவர் முதலிலிருந்தே கையாட்டவில்லை. நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

அந்த இறக்கத்தில் ரயிலைப் பின்னால் எடுக்க முடியாது. குதித்து ஓடலாம்தான். ஆனால் எரியும் நெருப்போடு ஒரு கொதிகலனை விட்டுவிட்டு ஓடுகிறவன் நான் இல்லை. வட்டத்தை முடித்தே ஆக வேண்டும்.

நான்காவது சுற்று.

4:26.

அப்பிள் மரங்கள். வேலி. மேடு.

சுரங்கம்.

உள்ளே இருட்டு. நெருப்பின் சிவப்பு மட்டும் என் முழங்காலில்.

யாரோ இருமினார்கள்.

பிறகு... என் முதுகில் ஏதோ பட்டது. இரண்டு பக்கமும். இடுப்புக்குச் சற்று மேலே.

முழங்கால்கள்.

எனக்குப் பின்னால் நெருங்கி உட்கார்ந்த ஒருவரின் இரண்டு முழங்கால்கள்.

மூச்சு விடவில்லை நான்.

சுக்...... சுக்...... சுக்......

வலது தோளில் ஒரு கை. மெதுவாக இரண்டு தடவை தட்டியது. போகலாம் என்று சொல்வதுபோல்.

வெளியே வந்தோம். வந்தோம் என்றுதான் எனக்கு அப்போதே தோன்றியது. வந்தேன் என்று இல்லை.

நிலையத்துக்கு முப்பது மீற்றர் முன்பே பிரேக் பிடித்தேன். இரண்டு சப்பாத்தையும் சரளைக் கல்லில் ஊன்றி இழுத்தேன். பாதம் எரிந்தது. நின்றது.

4:31.

முழங்கால்கள் என் முதுகை விட்டு விலகின.

பின்னால் பெட்டியின் சுருள்வில் கிரீச் என்று கொஞ்சம் உயர்ந்தது. பிறகு சரளையில் ஒரு காலடி. சரக்.

மறுபடி கிரீச். சரக்.

ஒன்று... இரண்டு... மூன்று... எண்ணினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான்கு. ஐந்து.

ஒரு சிறு இடைவெளி.

ஆறு.

காலடிகள் என்னைத் தாண்டிப் போயின. அவசரம் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களின் நடை.

வீட்டை நோக்கித்தான் போயின.

புஸ்பவதி உள்ளே இருந்தாள். அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது. திறந்தது அவள்தான். வாசலில் நின்று வெளியே பார்த்தாள். பிறகு மெல்ல ஒதுங்கி, வழிவிட்டு நின்றாள்.

நெருப்பை இறக்கி, மணலைக் கொட்டி அணைத்தேன். அதற்கு எட்டு நிமிடம் பிடித்தது. 4:40க்கு உள்ளே ஓடினேன்.

அறை குளிர்ந்து கிடந்தது. மேசையில் ஐந்து கோப்பைகள். ஐந்திலும் கோப்பி ஆவி பறந்தது. ஐந்து நாற்காலிகள் மேசையைச் சுற்றி இழுத்துப் போடப்பட்டிருந்தன. புஸ்பவதி சுவரோடு ஒட்டி நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை.

மார்ட்டன்ஸ் அழுதுகொண்டிருந்தார். ஆனால் முகம் அமைதியாக இருந்தது. என்னைப் பார்த்துத் தெளிவாகப் பேசினார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் அப்படித் தெளிவாகப் பேசியதை அவள் கேட்டதே இல்லையாம்.

"ஏன் வலது பக்கமாகப் போனீர்கள், ஹெர் நடேசன்?"

"சுழல்மேடை திரும்பவில்லை. மன்னியுங்கள்."

அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"நல்லது" என்றார். "வந்துவிட்டார்கள்."

இரவுப் பணிக்கு வேறொரு பெண் வந்ததும் நாங்கள் கிளம்பினோம். அப்போது 6:05. காரில் புஸ்பவதி முன்கண்ணாடியையே பார்த்தபடி இருந்தாள். நெடுஞ்சாலையில் எதிரே வந்த வாகனங்கள் எல்லாம் எங்களைப் பார்த்து விளக்கை அடித்து அடித்து அணைத்தன. என் விளக்குகளைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தன. பத்துப் பன்னிரண்டு வாகனம் அப்படிச் செய்தபின், ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன்.

காரின் பின்பக்கம் பதிந்திருந்தது. அதனால் முன்விளக்குகள் மேல்நோக்கி அடித்தன. பின் இருக்கையில் யாரோ கனமாக உட்கார்ந்தால்தான் அப்படி ஆகும்.

பின் இருக்கை வெறுமையாக இருந்தது.

"ஏறுங்கோ" என்றாள் அவள், முன்னால் பார்த்தபடியே. "ஒண்டும் பேசாமல் ஓட்டுங்கோ."

ஓட்டினேன்.

மார்ட்டன்ஸ் இல்லத்தில் மூன்று கிழமைதான் இருந்தார். டிசம்பர் 3ஆம் திகதி தூக்கத்திலேயே போய்விட்டார். அடக்கத்துக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். அங்கேதான் அவருடைய மகளிடம் கேட்டேன். ரயிலைக் கட்டிய மற்றவர்கள் எங்கே என்று.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியாதா?"

1957 ஏப்ரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, புதுக் கொதிகலனைப் பூட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து கூட்டாளிகளும் ஏறிக்கொண்டார்கள். மார்ட்டன்ஸ் மட்டும் ஏறவில்லை. சுற்றுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க, கடிகாரத்தோடு நிலையத்தில் நின்றார். ரயில் வலது பக்கமாகப் போனது. சுரங்கத்துக்குள் நுழைந்தது. வெளியே வரவில்லை. உள்ளே கொதிகலன் வெடித்துவிட்டது. பத்தொன்பது மீற்றர் சுரங்கம் முழுவதும் கொதிக்கும் நீராவி. மூன்று பேர் அங்கேயே முடிந்தார்கள். இரண்டு பேர் மருத்துவமனையில். பிளந்தது கொதிகலனின் ஓர் ஒட்டு. அதை ஒட்டியது மார்ட்டன்ஸின் கை.

"அதற்குப் பிறகு அப்பா வேறொரு கொதிகலன் செய்தார். தனியாகத்தான் ஓட்டுவார். யாரையும் ஏற்ற மாட்டார். இடது பக்கமாக மட்டும்தான். ஐம்பது வருடத்தில் ஒரு தடவை கூட அந்தப் பக்கமாகப் போனதில்லை" என்றாள்.

ஐந்து பேர். ஐந்து கோப்பை.

அன்று வீட்டுக்கு வந்ததும் புஸ்பவதியிடம் கேட்டேன். மூன்று கிழமைக்கு மேலாக நான் அவளிடம் கேட்கவே பயந்த கேள்வி அது.

"புஸ்பம், அண்டைக்கு உள்ளுக்க என்ன நடந்தது?"

அவள் மேலங்கியைக் கழற்றி மாட்டினாள். பிறகு சொன்னாள்.

"கதவைத் திற, வெளியில நிக்கினம் எண்டார். திறந்தன். ஒருத்தரையும் காணேல்லை. ஆனால் அவர் வாசலைப் பாத்துப் பேர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டவர். ஒவ்வொரு பேருக்கும் நான் ஒரு கதிரை இழுத்துப் போட்டன். கோப்பி ஊத்தினன். அஞ்சு பேர்."

"நான் ஆறு காலடி எண்ணினனான்."

"ஓம்."

"பிறகேன் அஞ்சு கோப்பை?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அஞ்சாவது பேரைச் சொன்ன பிறகும் அவர் வாசலையே பாத்துக்கொண்டிருந்தவர். பிறகு அவற்ர பார்வை மெல்ல மெல்ல நகர்ந்து என்னட்ட வந்தது. எனக்குப் பின்னால பாத்தவர். பாத்திட்டுக் கேட்டார், 'இது யார்? இவர் எங்கள் ஆள் இல்லை. இவர் உங்களுடையவரா?' எண்டு."

"நீர் என்ன சொன்னீர்?"

"நோயாளியள் இப்பிடிக் கேட்டால், இல்லை எண்டு சொல்லிப் பயப்படுத்தக் கூடாது எண்டுதான் எங்களுக்குப் படிப்பிச்சிருக்கினம். மனுசன் நடுங்கினது. அந்த நேரம் எனக்கு வேறை ஒண்டும் தோணேல்லை."

"புஸ்பம், என்ன சொன்னீர்?"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன். எங்கட ஆள்தான், போகேக்க நாங்கள் கூட்டிக்கொண்டு போறம் எண்டு."